ரூமி எழுத்து நாயகி

நாகப்பட்டினத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஆறு வருடம் நான் நாகப்பட்டினத்துக்காரி. நாடக நோட்டீசில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள், எல்லாரும் நம்பினார்கள்.

நான் பிறந்தது மலாக்காவில், காஜா பேராங்கில். நாங்கள் மலாக்கா செட்டிகள், பல நூறு வருடத்துக்கு முன் இங்கே வந்து தங்கிய தமிழ் வியாபாரிகளின் வழி. எங்கள் சாமி மாரியம்மன், நெற்றியில் திருநீறு, பொங்கலுக்கு முந்தின நாள் வாழையிலை போட்டு முன்னோருக்குப் படைப்போம். பேச்சு மட்டும் மலாய். அம்மா இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை என்றுதான் உடுத்துவாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் சமையல் சாமான்களும்தான். எனக்கும் பதினெட்டு வயதுவரை அவ்வளவுதான்.

கோயில் திருவிழாவில் நான் ஒரு பக்திப் பாட்டுப் பாடினேன். பாட்டை ரூமியில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். ரூமி என்றால் மலாய் எழுதும் ஆங்கில எழுத்து. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே எழுத்து. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் நாடக வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். பகலில் பெண்டஹாரா சாலைத் துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பார், மாலையில் இசை நாடகம் போடுவார். அவர் குழுவில் கதாநாயகி வேடத்துக்கு ஏற்ற முகம் இருந்தது, குரல் இல்லை. என்னிடம் இரண்டும் இருந்தன, தமிழ் இல்லை.

"தமிழ்தானே? அத நான் பாத்துக்கிறேம்மா. நீ வாயத் தொறந்து பாடு, போதும்" என்றார்.

பார்த்துக்கொண்டார், பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு வசனத்தையும் தன் கையாலேயே ரூமியில் எழுதிக் கொடுத்தார். கீழே மலாயில் அர்த்தம். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே அழ வேண்டும் என்று சிவப்புப் பென்சிலில் கோடு போட்டிருப்பார். மேடையில் மறந்துபோனால் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்துவார், அந்தச் சுரம் கேட்டதும் அடுத்த வரி எனக்கு வந்துவிடும். அப்படியொரு ஆசான் யாருக்குக் கிடைப்பார் என்று நான் கோயிலில் அவர் பெயரில் அர்ச்சனைகூடச் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் அந்தத் தேங்காயைத் திருப்பிக் கேட்கலாமா என்று தோன்றுகிறது.

மேடைக்கு வெளியே நான் பேசக் கூடாது என்பது அவர் போட்ட விதி. குரலைக் காக்க மௌன விரதம் இருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லி வைத்தார். துணிக்கடைக்காரர்களின் மனைவிமார் மேடைக்குப் பின்னால் வந்து என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். மறைத்ததில் எனக்கும் சரி பங்கு உண்டு.

மெர்டேக்கா வந்த வருடம், சுதந்திரத்தைக் கொண்டாட ஒரு பெரிய நாடகம் போட்டோம். அன்றுதான் முதல் தடவையாக அம்மா மேடைக்குப் பின்னால் வந்தாள். நல்ல கெபாயா, அதை மூட மூன்று குரோசாங் அலங்கார ஊசி, கையில் அடுக்குச் சட்டி. நான் மதியம் சாப்பிடவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதே நேரம் ஒரு நகைக்கடைக்காரர் மனைவியும் உள்ளே வந்தாள். அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவங்க யாரு?"

வாத்தியார் கண் சிமிட்டாமல் சொன்னார்: "சமைச்சுக் குடுக்கிற அம்மா."

எனக்கு அதற்குள் அவ்வளவு தமிழ் புரியும். அம்மாவுக்கும் சமையல் என்ற சொல் புரியும். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, சரியாக இருந்த பொட்டை இன்னொரு முறை சரி செய்தேன். அம்மா சட்டியைக் கீழே வைத்தாள். மூடியைத் துணியால் துடைத்தாள். பார்வையை அந்த மூடியிலிருந்து எடுக்காமலே மலாயில், "சாப்பிடுங்கள், சிக். ஆறிப்போகும்" என்றாள். சிக் என்பது வீட்டு எஜமானியை வேலைக்காரி கூப்பிடும் சொல். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதன் பிறகு அவள் நாடகத்துக்கு வரவில்லை.

மூன்று வருடம் கழித்து மெட்ராசிலிருந்து படக்காரர்கள் மலாயாவுக்கு வந்தார்கள். இங்கேயே ஒரு படம் எடுக்கப் போகிறார்கள், நாயகி இங்கே நடிக்கும் தமிழ்ப் பெண்ணாக இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை ஒத்திகை இடத்துக்கே வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க ஊர்க்காரப் பொண்ணாமே. நாகப்பட்டினத்துல எந்தத் தெரு?"

நான் வழக்கம்போல் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் வைத்தார்.

"படத்துல வசனத்த அப்பப்ப மாத்துவாங்க. இத கொஞ்சம் வாசிச்சுக் காட்டும்மா."

தாள் முழுக்கத் தமிழ் எழுத்து. ஆறு வருடமாக எனக்கு ரூமியில் எழுதிய அதே கை, அதே சிவப்புப் பென்சில் கோடுகள். கை தவறி வேறு தாளைக் கொடுத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருக்கு உதவுவதாக எண்ணி, தாளை மெல்லத் திருப்பி நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"மன்னிக்கணும் சார். இது இங்க உள்ள செட்டிப் பொண்ணு, தமிழ் தெரியாது. கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி சொல்லிக் குடுத்து ஓட்டிக்கிட்டு இருக்கேன்." பிறகு அவர் தன் மைத்துனியைக் கூப்பிட்டார். ஆறு வருடமாகத் தோழி வேடம் போட்ட பெண். அவளிடம் இன்னொரு தாள் தயாராக இருந்தது. நிறுத்தாமல் வாசித்தாள்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று தமிழில் சொல்வார்கள். அந்தப் பழமொழியை எனக்கு அவர்தான் ரூமியில் எழுதிக் கொடுத்திருந்தார், ஏதோ ஒரு நாடகத்தில். கோபத்தில் கத்த வாயைத் திறந்தேன். கத்த எனக்குச் சொந்தமாகத் தமிழ் இல்லை, மலாயில் கத்தினால் அவர் சொன்னது உண்மையாகிவிடும். காலணியைக்கூடப் போடாமல் வீட்டுக்கு நடந்தேன். அம்மா கால் கழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

அந்தத் தாள் என் கையோடு வந்துவிட்டது. வீம்புக்கு ஒரு அரிச்சுவடி வாங்கினேன். இருபத்து நான்கு வயதில் 'அ' எழுதிப் பழகினேன். எட்டு மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்து எழுத்துக் கூட்டினேன். புது வசனமே இல்லை. எங்கள் முதல் நாடகத்தில் நான் மேடைக்கு வந்ததும் பேசும் வசனம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதல் சொல் மட்டும் தெரிந்திருந்தால் கடைசிவரை சொல்லி முடித்திருப்பேன். எனக்காகப் புதிதாக நாலு வரி எழுதக்கூட அவர் மெனக்கெடவில்லை. அவ்வளவு நிச்சயமாக என்னைத் தெரிந்து வைத்திருந்தார். அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

நான் ஒளித்து வைத்த மொழிதான் பிறகு சோறு போட்டது. சிங்கப்பூருக்குப் போய் மலாய்ப் படங்களில் நடித்தேன். மீன் விற்பவள், பக்கத்து வீட்டுக்காரி, ஆஸ்பத்திரித் தாதி. ஒரு படத்திலும் நாயகி இல்லை. தொலைக்காட்சி வந்ததும் கோலாலம்பூருக்கு அழைத்தார்கள். பணக்கார வீட்டுச் சமையல்காரி வேடம். எஜமானிக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்து ஒரு வரி சொல்ல வேண்டும். மூன்று தரம் சொன்னேன், இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. நான்காம் தரம் சட்டியைக் கீழே வைத்து, மூடியைத் துணியால் துடைத்து, அதையே பார்த்துக்கொண்டு, "சாப்பிடுங்கள், சிக். ஆறிப்போகும்" என்றேன். இயக்குநர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். நான் அந்த மூடியை இன்னொரு முறை துடைத்தேன்.

நேரடியாக ஒளிபரப்பாமல் படச்சுருளில் எடுத்து வைத்திருந்ததால், ஒளிபரப்பான மாலையில் நான் காஜா பேராங்கில் இருந்தேன். தெருமுனைக் காப்பிக்கடையில்தான் தொலைக்காட்சிப் பெட்டி. தெருவே அங்கே இருந்தது. அம்மா என் பக்கத்து நாற்காலியில், அன்று நாடகத்துக்கு வந்த அதே கெபாயாவில். அந்தக் காட்சி வந்தது, போனது. பின்னால் இருந்த அண்டை வீட்டுக்காரி குனிந்து அம்மாவிடம் மலாயில் கேட்டாள்: "அச்சு அசலா இருக்கே, ஒங்க மகளுக்கு இதெல்லாம் யாரு கத்துக் குடுத்தா?"

அம்மா பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான்தான். ஒரே ஒரு தரம் நடிச்சுக் காட்டினேன். அப்பவே புடிச்சுக்கிட்டா."