குளத்தில் மிதந்த நல்லெண்ணெய்

ஜெர்மனிக்குப் படிக்கப் போன முதல் கோடையில், குற்றாலத்துக்குப் போகிற நினைப்பில் தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு பொது நீச்சல் குளத்தில் இறங்கிவிட்டேன்.

சற்று நேரத்தில் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தது. குளத்துக் காவலர் விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றி, குளத்தையே மூடிவிட்டார். யாரும் திட்டவில்லை. ஒரு சிறுமி மட்டும் தன் கையை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் இருக்கும் அண்ணனிடம் போனில் சொன்னேன்.

"ஏலே, நம்ம அருவியிலயே எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்கல்லா. நீ பாத்ததே இல்லையா?"

பார்க்காமல் என்ன? வருஷா வருஷம் அந்தப் போர்டில்தான் சட்டையை மாட்டிவிட்டுக் குளிப்பேன்.

இப்போதெல்லாம் ஊருக்கு வந்தால், வீட்டிலேயே எண்ணெய் போகக் குளித்துவிட்டுத்தான் அருவிக்குப் போகிறேன். சட்டையையும் அந்தப் போர்டில் மாட்டுவதில்லை.