கிருஷ்ணகுமாரியின் துணி கொழும்பு போன கதை

கிருஷ்ணகுமாரியின் துணி கோழி இரத்தத்தில் ஊறி நாசமாகிவிட்டது என்று எனக்குச் சொன்னது கலவானையில் இருக்கும் என் மாமி மகள் மஸீஹா. அவளுக்குச் சொன்னது றக்வான பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள் என்பது மஸீஹாவுக்குத் தெரியாது.

"ஒங்கட முக்தார் நானாட கடை ஃப்ரீசர்லதானாம் வச்சீந்த. கரண்ட் பெய்த்து, கோழியெல்லாம் கரைஞ்சி, துணி செகப்பாப் பெய்த்தாம். அந்தப் புள்ள அழுதழுது ஆத்துல வீசிட்டாவாம்." குரல்செய்தி அத்துடன் முடியவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "நீ சொல்லித்தானே ஃப்ரீசர்ல வச்ச?" என்றும் கேட்டிருந்தாள்.

மெல்பனில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி அதைக் கேட்டேன். நான் ஏற வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது.

கிருஷ்ணகுமாரி, றக்வானவுக்கு மேலே, பஸ் திரும்பும் கடைசி வளைவையும் தாண்டியுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கார்மென்ட் ஒன்றில் சில வருடங்கள் சட்டைக் கழுத்து தைத்தார். கல்யாணம் முடிந்ததும் தோட்டத்துக்கே திரும்பிவிட்டார். கணவர் யோகராஜுக்குக் கொழும்பில் ஹாட்வெயார் கடையொன்றில் வேலை. லீவு கிடைத்தால் வருவார். பழைய சேலைகளைக் கிழித்துப் பின்னிய கால்மிதிகளைக் கிருஷ்ணகுமாரி என் அண்ணன் முக்தார் நானாவின் பலசரக்குக் கடையில் விற்கக் கொடுத்து வந்தார். ஒருமுறை லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, அந்தக் கால்மிதிக் கட்டில் ஒன்றை நான் விரித்துப் பார்த்தேன். அதில் பச்சைச் சரிவில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"இதுல யாரு காலு வைக்கிற?" என்று நானாவிடம் கேட்டேன்.

"அதான் விக்கிதில்ல," என்றார் நானா.

அப்படித்தான் கிருஷ்ணகுமாரியோடு என் பழக்கம் தொடங்கியது. நார்க்கலைக் கண்காட்சிகளுக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல்கள் ஆங்கிலத்தில் வரும். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், அவர் செய்வார். முதல் தடவை அனுப்பிய புகைப்படத்தில் ஓரமாக ஓர் ஆட்டின் பாதி முகம் இருந்தது. நடுவர்கள் வேண்டாம் என்றார்கள். இரண்டாம் தடவை ஆடு இல்லை. ஆனால் இது பாவனைப் பொருள், கலைப்படைப்பு அல்ல என்று பதில் வந்தது. அதை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே புரிந்துகொண்டார்.

"சுவத்துல தொங்கணும்க்கா," என்றார். "தரையில கெடந்தது போதும். ஒரு தடவ சுவத்துல தொங்கிறணும்."

மூன்றாவதாகச் செய்ததுதான் இந்தத் துணி. ஓர் ஆள் உயரம். உரச்சாக்கிலிருந்து உருவிய இழைகளைப் பாவாகக் கட்டி, சேலைக் கிழிசல்களை ஊடாக ஓட்டியது. மலையேறும் பெண்களின் வரிசை. முகம் ஒன்றுகூட இல்லை. முதுகில் தொங்கும் சாக்குகளும், செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் கட்டும் தடித்த படங்குகளும் மட்டும் மேலே மேலே போகின்றன. "நான் எப்பவும் கடைசியாத்தான போறேன், எனக்குத் தெரியிறது இதுதான்," என்று சொல்லி, அதற்கு 'முன்னால போறவங்க' என்று பேர் வைத்தார். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் வெள்ளைச் சுவரில் மாட்டிப் படம் எடுத்தார். கம்பி நுழைப்பதற்குப் பின்பக்கம் உறைபோல ஒரு மடிப்புத் தைத்தார். கார்மென்ட் தையல், ஒரு நூல் விலகாது.

இந்தத் தடவை புகைப்படச் சுற்றில் தெரிவானது. இனித் துணியையே கொழும்புக்கு அனுப்ப வேண்டும். நடுவர்கள் நேரில் பார்த்து முடிவு சொல்வார்கள். நிபந்தனைகளில் ஒன்று: பூச்சி முட்டைகள் சாவதற்காகப் படைப்பைப் பொலித்தீனில் சுற்றிச் சில நாட்கள் உறைகுளிரில் வைத்துவிட்டு அனுப்ப வேண்டும். இன்னொன்று: பூஞ்சணமோ வாடையோ இருந்தால் அப்படியே திருப்பி அனுப்புவார்கள்.

லயத்து வரிசை வீடுகளில் அவ்வளவு பெரிய ஃப்ரீசர் யாரிடம் இருக்கிறது? நானாவின் கடையில் இருந்தது.

மஸீஹாவின் செய்திக்குப் பிறகு நானாவுக்குத்தான் ஃபோன் எடுத்தேன்.

"கோழியா? என்ட கடையில எப்பயன் கோழி வித்த? ஐஸ்கிரீம் மட்டுந்தானே ஈக்கிது!"

அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப துணிக்கு ஒண்டுமில்லயா நானா?"

"ஒண்டுமில்ல. கொஞ்சம் மீன் மணக்கும். அவ்வளவுதான்."

நடந்தது இதுதான். காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனது உண்மை. ஐஸ்கிரீமையெல்லாம் ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்த நானா, துணியின் குளிர் குறைந்துவிடுமே என்று பயந்து, பக்கத்துக் கடை மீன் வியாபாரியின் ஐஸ் பெட்டிக்குள் அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

"நீதானே சொன்ன, குளிர் கொறையப் போடாதுண்டு. பொலித்தீன் மூணு சுத்து ஈக்கேண்டு நெனச்சேன். ஐஸ் குத்திக் கிழிச்சிட்டு."

நனைந்தது ஒரு மூலைதான். வாடை முழுவதும் ஏறிவிட்டது. கழுவவும் முடியாது, சேலைச் சாயங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்த மழையில் காயவும் காயாது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை மணக்கும். வார இறுதியில் யோகராஜ் வந்து எடுத்துப் போக வேண்டும்.

மிச்சத்தைக் கிருஷ்ணகுமாரியே எனக்குச் சொன்னார். அழுதிருப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"பஸ்ஸுல கொண்டாறப்ப கண்டக்டர் என்னா சொன்னான் தெரியுமாக்கா? 'கருவாட்டுக்கும் டிக்கெட் எடுக்கணும்'ன்னான். வீட்டுக்கு வந்தா மருதாயி அக்கா, 'ஜட்ஜு பாக்குறதுக்கு முந்தி பூனை வந்து பாத்துரும்டி'ங்கிறாங்க."

மருதாயி பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவர். கிருஷ்ணகுமாரிக்கு முன்னால் மலையேறுபவர். துணியில் மூன்றாவது முதுகு அவருடையது.

கொழுந்து வாட்டும் மாடியில் பெரிய மின்விசிறிகள் ஓடுமே, அங்கே தொங்கவிடலாமே என்று கிருஷ்ணகுமாரி துணியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு, போயிருக்கிறார். வாசலில் நின்ற, தூளின் தரத்துக்குப் பொறுப்பான டீமேக்கர், இவர் படியேறும் முன்பே மூக்கைப் பொத்திக்கொண்டு சிங்களமும் தமிழுமாகக் கத்தினாராம்.

"அனே, மேக்க அஹகட கண்ட! அங்கிட்டுக் கொண்டு போங்க! இந்த வாடை தூள்ல புடிச்சா முழு லொட்டும் போச்சி! வாசனைச் சவக்காரம் போட்டு வந்தாலே நான் உள்ள விடுறதில்ல, தெரியாதா?"

தெரியாமல் என்ன? தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தவர் பாதி வழியில் நின்றிருக்கிறார்.

"அப்ப புடிக்கட்டுமேன்னு தோணுச்சிக்கா."

தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத்தூள் அவர் வீட்டில் கொஞ்சம் இருந்தது. அதைப் பழைய வேட்டித்துணியில் சின்னச் சின்ன முடிச்சுகளாகக் கட்டினார். அது போதாமல் லயத்தில் எல்லோரிடமும் கேட்டார். "ஒன் படம் மணக்குறதுக்கு நாங்க வெறுந்தண்ணி குடிக்கணுமா?" என்று திட்டிக்கொண்டே மருதாயிதான் முதலில் டப்பாவைக் கவிழ்த்தார். ஈர மூலையை விசிறி விசிறிக் காயவைத்து, துணியின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் முடிச்சுகளை வைத்துப் பெட்டிக்குள் இறுக்கி மூடினார்கள்.

யோகராஜ் வருவதற்கு முந்தின நாள் பெட்டியைத் திறந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் மணக்கல. ஆனா மீனோடயே கெடந்த மூக்கு, நம்ப முடியுமா? மருதாயி அக்காவ மோந்து பாக்கச் சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"தடிமனாம், மூக்கடைப்பாம். ஒண்ணுமே தெரியலன்னுட்டாங்க."

"பிறகு என்ன செஞ்சீங்க குமாரி?"

"டீமேக்கர் ஐயாகிட்டயே மறுபடி போனேன்."

டீமேக்கர் இந்தத் தடவை வாசலை விட்டு இறங்கி வந்தாராம். துணியைக் கையில் வாங்கி, தூள் பார்ப்பதுபோல மூக்கை உள்ளே புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாராம். ஒரு மூலை. இன்னொரு மூலை. நனைந்திருந்த மூலையில் நெடுநேரம்.

"ஹரி, சரி," என்றாராம். "மேல கொண்டு போய்க் காத்துல போடுங்க."

அந்த மனிதர் தன் கொழுந்துக்குப் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டார் என்று கேட்டதும்தான் வாடை போய்விட்டது என்று நம்பினேன்.

முடிச்சுகளில் இருந்த தூளை மருதாயி வீணாக்கவில்லை. தடிமன் விட்டதும் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, "மீன் கொழம்பு இருக்கு, சோறுதான் இல்ல," என்றாராம்.

யோகராஜ் துணியைக் கொழும்புக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து என்னோடு ஃபோனில் பேசினார். "பிரிச்சுப் பாத்தாங்க அக்கா. அங்கருந்த நோனாம்மா மூக்கக் கிட்ட கொண்டு போனாங்க பாருங்க, எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சி. பொறகு பின்பக்கம் திருப்பித் தையலத் தடவிப் பாத்தாங்க. 'ரொம்ப சுத்தம்'ன்னு சொல்லி நம்பர் ஒட்டிட்டாங்க."

அதற்குப் பிறகு காத்திருந்தோம். நான் மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடினேன். கிருஷ்ணகுமாரி ஒன்றும் கேட்கவில்லை. "மழை விட்டிருச்சிக்கா, கொழுந்து நல்லா வருது," என்று மட்டும் ஒரு நாள் குரல்செய்தி அனுப்பினார்.

இன்று வந்துவிட்டது. தெரிவான படைப்புகளில் 'முன்னால போறவங்க' இருக்கிறது. மண்டபத்தின் நுழைவுக்கு நேர் எதிர்ச் சுவரில், கம்பியில் தொங்கவிடப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். எழுத்துப் பிழையாக இருக்குமோ, வேறு யாருக்கோ வந்ததோ என்று மூன்று தடவை வாசித்துவிட்டேன். அவருடைய பேர்தான்.

அங்கே இப்போது காலை. மலையில் இருப்பார். கையில் ஃபோன் கொண்டுபோகிறாரோ, வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாரோ, இவ்வளவு காலத்தில் நான் கேட்டதே இல்லை. ஒருமுறை எடுத்தேன், முழுக்க அடித்து ஓய்ந்தது. செய்தியாக அனுப்பிவிடலாம், ஆனால் இதை அவர் என் வாயால்தான் கேட்க வேண்டும். மறுபடி எடுத்திருக்கிறேன். மணி போய்க்கொண்டிருக்கிறது.