இருபதில் வரவேண்டியது நாற்பத்துமூன்றில் வந்தால்?

போன ஞாயிறு பின்னேரம் நீர்வேலியில் ஒரு சனசமூக நிலையத்தில் பேசக் கூப்பிட்டார்கள். என்ன பேசுவது? அப்போதுதான் உளவியல் புத்தகம் ஒன்றை வாசித்து முடித்திருந்தேன். வாசித்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிறகென்ன... கொட்டினேன்.

மனிதன் சாகும்வரை படிப்படியாக வளர்கிறானாம். குழந்தைக்கு, இந்த உலகத்தை நம்பலாமா என்பதே பிரச்சினை. பள்ளிக்கூடம் முடிகிற வயதில் 'நான் யார்?' என்ற குழப்பம். இருபதுகளில் ஒரு துணையோடு நெருங்குவது. நடுவயதில் அடுத்த தலைமுறையை ஆளாக்குவது. முதுமையில், வாழ்ந்தது வீண்போகவில்லை என்று ஆறுதல் அடைவது. கரும்பலகையில் ஒரு படிக்கட்டைக் கீறி, படிக்குப் படி வயதையும் எழுதினேன். பாண் வாங்க நிற்கும் கியூவைப் பற்றியே கதைத்து அலுத்த சனம், நன்றாகத்தான் கேட்டார்கள்.

முடிவில் கடைசி வாங்கிலிருந்து ஒருவர் எழும்பினார். பெயர் செல்வராசா. வாழைத் தோட்டக்காரர்.

"அண்ணை, இருபதிலை வரவேண்டியது நாப்பத்திமூண்டிலை வந்தா, உந்தப் புத்தகம் என்ன சொல்லுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பஸ் எடுக்க நடந்தபோது, சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே வந்தார். தகப்பன் செத்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. கீழே மூன்று தங்கச்சிமார். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? தங்கச்சிமார் கரைசேரும்வரை தமையன் தன் கலியாணத்தைப் பற்றி மூச்சுவிடக்கூடாது! கடைசித் தங்கச்சிக்கு இந்த வைகாசியில்தான் தாலி ஏறியது. இப்போது அவருக்கே ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. கோப்பாயில் ஒரு தையல் ரீச்சர், முப்பத்தெட்டு வயது. செல்வராசா அவரைக் கோயிலில் தூர நின்று பார்த்திருக்கிறார். பிடித்தும் இருக்கிறது.

"ஆனா, வேண்டாம் எண்டு சொல்லிவிடப் போறன்."

"ஏன்?"

"நீங்கள்தானே கீறிக் காட்டினியள்! உதுவும் சாதகம் மாதிரித்தானே? ஒரு கிரகத்தின்ரை திசை முடிஞ்சா முடிஞ்சதுதான். எனக்கு அந்தத் திசை எப்பவோ கழிஞ்சு போச்சண்ணை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு ஊரில் என்றால் 'உன் கொள்கை பிழை' என்று சண்டைக்கு வந்திருப்பார்கள். நம்மவரோ கரும்பலகையைச் சாதகக் கட்டமாக்கி, பலனும் பார்த்துவிட்டார்! பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அடுத்த தலைமுறையை ஆளாக்குவது நடுவயது வேலை என்றால், இந்த மனிதர் அதைப் பத்தொன்பதிலேயே தொடங்கிவிட்டாரே? நடுப்படிகளைத் தாண்டி மேலே ஏறியவர், இறங்கிவந்து கீழ்ப்படியில் நிற்கலாமா? ஏன் கூடாது? எங்கள் ஒழுங்கையில் ஒரு பென்சன்காரர் இருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். கோட்டைக் கழற்றிய நாள்முதல் 'இனி நான் யார்?' என்று குழம்பித் திரிகிறார். பதினெட்டு வயதுக் குழப்பம் — தலை முழுக்க நரைத்த பிறகு!

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவரும் ஒரு ரீச்சர்தான்.

"ஐயோ, அது எங்கடை பள்ளிக்கூடத்துப் பரமேஸ்வரியெல்லே! வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு நீங்கள் கீறின படிக்கட்டுப் படம்தானோ கிடைச்சுது?" என்று என்மேல் பாய்ந்தார். அடுத்தநாளே பரமேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொல்லி, பதிலோடு வந்தார். பதில் இதுதான்:

"அந்தப் புத்தகம் எழுதினவருக்குத் தங்கச்சிமார் இல்லைப்போலை. நானும் படுக்கையிலை கிடந்த அம்மாவைக் கடைசிவரை பாத்துப்போட்டு இப்பதான் நிமிந்தனான். அவர் பிந்தினவர் எண்டா நானும் பிந்தினனான்தான். வரச் சொல்லுங்கோ."

அதைத் தூக்கிக்கொண்டு நீர்வேலிக்கு ஓடினேன். செல்வராசா வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். சொன்னதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பிலேயே குந்திவிட்டார்.

"அவ... அப்பிடியே சொன்னவ?"

"ஓம். ஒரு சொல்லும் நான் கூட்டேல்லை."

சால்வையால் முகத்தைத் துடைத்தார். வியர்வையை மட்டுமல்ல.

நேற்றுக் காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். தை மாதம் கலியாணமாம். நாளைக்கு முதன்முதலாகப் பெண்வீட்டுக்குப் போகிறாராம். கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. இருபது வயதுப் பெடியனின் பயம் அப்படியே முகத்தில் தெரிந்தது. இந்தப் பயத்துக்கு எந்தப் படியில் இடம் என்று நான் மனதுக்குள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, அவவோடை என்னத்தைக் கதைக்கிறது? எனக்குத் தங்கச்சிமாரோடை கதைச்சுத்தான் பழக்கம்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது:

"எதையெண்டாலும் கதையுங்கோ தம்பி. ஆனா பழக்கதோசத்திலை, 'உமக்கொரு நல்ல மாப்பிள்ளை பாக்கிறன்' எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ!"