காய்க்காத ஹோலி

இந்த வெளிநாட்டு நகரத்தில், ஆர்ச்வே பகுதி முருகன் கோயிலுக்கு ஏறும் சாலையில் பாதியிலேயே நின்றுவிட்டேன். டிசம்பர் மாதக் காலை. ஒரு வீட்டு முன்தோட்டத்தில் ஹோலி மரம் நிற்கிறது. இலை விளிம்பெல்லாம் முள். கொத்துக்கொத்தாகச் சிவப்புப் பழங்கள். மஞ்சள் அலகுள்ள கறுப்புப் பறவை ஒன்று உள்ளே புகுந்து ஒவ்வொன்றாக விழுங்குகிறது. இந்தக் குளிரில் அதற்கு வேறென்ன கிடைக்கும்?

பக்கத்தில் இன்னொரு ஹோலி வெட்டுண்டு தரையில் கிடக்கிறது. அதில் ஒரு பழம்கூட இல்லை. வெட்டியவர் ரம்பத்தை இறக்கி வைத்துவிட்டு, போனில் யாழ்ப்பாணத் தமிழில் பேசி முடிக்கிறார்.

"இதை ஏங்க வெட்டினீங்க?"

"வீட்டுக்காரர் வெட்டச் சொன்னவர், அண்ணை. இவ்வளவு வருஷமா ஒருக்காலும் காய்க்கேல்லையாம். சும்மா இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்குதாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல்லூரியில் தாவரவியல் நடத்திய என் குரல் தெருவுக்கே கேட்கிறது.

"அது ஆண் மரங்க! அது எப்படிக் காய்க்கும்? தேனீ இதோட மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததாலதான் அந்த மரத்துல பழம். இந்தத் தெருவுல வேற ஹோலியே கிடையாது. இனி அந்தப் பறவை எதைத் தின்னும்?"

வீட்டுக் கதவில் கிறிஸ்துமஸ் அலங்காரமாகப் பிளாஸ்டிக் ஹோலி வளையம் தொங்குகிறது. அதில் மட்டும் பழத்துக்குக் குறைவில்லை.

அவர் தரையில் கிடப்பதைப் பார்க்கிறார். பிறகு நிற்கும் மரத்தைப் பார்க்கிறார்.

"ஓம், அண்ணை. அப்ப அடுத்த வருஷம் இதுவும் காய்க்காது," என்கிறார். "இதையும் வெட்ட என்னைத்தான் கூப்பிடுவினம்."