அலை உடையும் இடத்தில் எங்கள் அண்ணன்

முதலாம் ஆண்டு நினைவு நாளில் எங்கள் வீட்டு வாசல் ஏறி வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் கடல் தொழில் செய்யும் அண்ணன் தம்பிகளுக்கும் என் வணக்கம். நான் அண்ணனுடைய ஒரே தங்கை. எழுதிப் பழக்கமில்லாதவள். அண்ணன் மகள் எழுதுவதாகத்தான் இருந்தது. உட்கார்ந்தால் அழுகை வருகிறது, நீங்களே எழுதுங்கள் அத்தை என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் கட்டுமாவடியில் மீனவக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அண்ணன் அந்த வருடமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் படகில் ஏறினார். அம்மா மீன் கூடையோடு அறந்தாங்கிக்குப் போவார். என்னையும் இறால் உரிக்க அனுப்பச் சொல்லி ஆட்கள் கேட்டபோது, "அது படிக்கட்டும். அது கையில இறால் வாடை அடிக்க வேணாம்" என்று அண்ணன் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் படித்தது அவரால்தான்.

பிறகு சில வருடங்கள் வளைகுடா நாட்டில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தார். திரும்பி வந்து ஒரு ஃபைபர் படகு வாங்கினார். அண்ணியைக் கைப்பிடித்தார். எனக்கு உள்ளூரிலேயே, கடல் தொழில் தெரிந்த மாப்பிள்ளையைப் பார்த்து மணமுடித்து வைத்தார். திருமணம் முடிந்த மறுவாரமே என் கணவரைத் தன் படகில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். அம்மாவைக் கடைசிக் காலம் வரை தன் வீட்டில் வைத்துப் பார்த்தார்.

கடலில் எவ்வளவு ஆட்டம் இருந்தாலும் அசையாத அண்ணனுக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது. திருக்கோகர்ணம் கோயிலில் மகளுக்குக் காது குத்தப் போனபோது, வழி முழுக்க எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் சிரித்தோம். "சிரிங்க, சிரிங்க. வண்டி எதுக்கு இப்புடிக் குலுங்குது" என்று அவரும் சிரித்தார்.

வெளியூர் உறவினர்கள் துக்கம் கேட்க வந்தபோது, கரைக்கு இவ்வளவு பக்கத்தில், கழுத்தளவுத் தண்ணீரில் எப்படி என்று கேட்டார்கள். அவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் கடல் மற்ற மாதங்களில் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று ஏறினால் வேறு கடலாகிவிடும். வெளியே ஆழத்தில் அலை உருண்டுதான் போகும், உடையாது. கரையோரம் ஆழம் குறையக் குறைய அது எழும்பி, மடங்கி, உடைந்து விழும். சின்னப் படகுக்கு அந்த இடம்தான் கண்டம். அண்ணன் தன் மகளிடம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தார்: "அலைக்கு முன்னாடி ஓடுனா படகு மூக்கு தண்ணிக்குள்ள குத்திரும். ஒரு அலை போனதும் அது முதுகுலயே வரணும். பின்னாடி வார அலைகிட்ட மாட்டுனா படகைக் குறுக்க திருப்பி உருட்டிரும். சந்தேகமா இருந்தா வரவே கூடாது. வெளியவே கெடக்கணும்."

அவர் அப்படி வெளியே கிடந்த நாட்கள் உண்டு. நங்கூரம் போட்டுவிட்டு, காற்று தணியும் வரை பசியோடு காத்திருந்து வருவார். சென்ற கார்த்திகையில் அந்த நாளிலும் அப்படித்தான் இருந்தார். விடியலில் கடல் அமைதியாக இருந்ததால் அண்ணனும் என் கணவரும் போனார்கள். காலையிலேயே காற்று ஏறிவிட்டது. மற்ற படகுகள் முன்னதாகத் திரும்பிவிட்டன. "அலை சரியில்ல. வெளியவே நிக்கிறோம். சாயந்தரம் பாத்து வாரோம்" என்று அண்ணன் போனில் சொன்னார். அண்ணியும் நானும் நிம்மதியாகத்தான் இருந்தோம்.

மதியத்துக்குப் பிறகு அண்ணனிடமிருந்து எனக்கு மறுபடி போன் வந்தது. தண்ணீருக்குள் சுழலும் இன்ஜின் விசிறியில் வலை சுற்றியிருக்கிறது. என் கணவர் குனிந்து கத்தியால் அறுத்திருக்கிறார். படகு தூக்கிப் போட்டதில் கத்தி முழங்கைக்குக் கீழே ஆழமாக இறங்கிவிட்டது. மீதி வலையை அண்ணனே அறுத்து எடுத்திருக்கிறார்.

"துண்டு வச்சு இறுக்கிக் கட்டிருக்கேன். ரத்தம் நிக்க மாட்டேங்குது ஆத்தா. மாப்பிள்ளைக்குக் கண்ணு சொருகுது. ஆட்டோவக் கரைக்குக் கொண்டாரச் சொல்லு. நான் வாரேன்."

"அலை அண்ணே?"

"பாத்து வாரேன். நீ பயப்படாத."

அதன் பிறகு படகில் நடந்ததை என் கணவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். உயிர்காப்பு உடை இருவருக்கும் இருந்தது, வீட்டில் ஆணியில். அதைப் போட்டால் வலை இழுக்க முடியாது என்று அண்ணனும் சொல்வார். படகில் மிதப்பதற்கென்று இருந்தது ஒரே ஒரு காலி கேன். அண்ணன் அதைக் கயிறு போட்டு என் கணவர் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்.

"ஒங்களுக்கு மச்சான்?"

"எனக்கு ரெண்டு கையும் நல்லா இருக்குல்ல. பேசாம படு."

கரையில் ஊரே நின்றது. படகு அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று நின்று, ஒரு பெரிய அலை கடந்ததும் அதன் பின்னாலேயே உள்ளே வந்தது. நேராகத்தான் வந்தது. பாதித் தூரத்துக்கும் மேல் வந்துவிட்டது. என் பக்கத்தில் நின்றவர், "வந்துட்டாருப்பா" என்றார். அப்போது இரண்டு அலைகளுக்கு நடுவே தண்ணீர் வற்றி, விசிறி தரையில் தட்டி, இன்ஜின் நின்றது. படகு குறுக்கே திரும்பியது. பின்னால் வந்த அலை அதன் மேலேயே உடைந்தது. அடுத்து நாங்கள் பார்த்தது படகின் அடிப்பாகத்தைத்தான்.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆட்கள் பாய்ந்தார்கள். கேன் மிதந்ததால் என் கணவரை முதலில் கண்டார்கள். தூக்கி வந்து ஆட்டோவில் கிடத்தினார்கள். அண்ணனைக் காணவில்லை. நான் ஆட்டோவுக்கும் கடலுக்கும் நடுவே நின்றேன். எந்தப் பக்கமும் கால் போகவில்லை. அண்ணி என் தோளைப் பிடித்து ஆட்டோ பக்கம் தள்ளினார்.

"நீ அங்கிட்டுப் போ. இங்கிட்டு நான் நிக்கிறேன்."

நான் போனேன். மருத்துவமனையில் என் கணவருக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணன் கவிழ்ந்த படகின் அடியில் கிடந்திருக்கிறார். தலையில் படகு மோதிய காயம். எனக்கு அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழவும் முடியவில்லை. கண் திறந்தவுடன் இவர், "மச்சான் எங்க?" என்று கேட்டார். வெளியே நிற்கிறார் என்று சொன்னேன்.

அந்த அலையில் உயிரைப் பொருட்படுத்தாமல் இறங்கியவர்களுக்கும், எங்களைத் தாமதமில்லாமல் மருத்துவமனையில் சேர்த்த ஆட்டோ தம்பிக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், காரியம் முடியும்வரை தங்கள் படகுகளைக் கடலில் இறக்காமல் எங்களோடு இருந்த ஊர்மக்களுக்கும், கந்தர்வக்கோட்டையிலிருந்து அரிசி கொண்டுவந்து இறக்கிய அண்ணியின் பிறந்த வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. தொழிலுக்குப் போகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். வலை இழுக்கும்போது வேண்டாம், கரை ஏறும்போதாவது அந்த உயிர்காப்பு உடையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கொன்று இருக்கட்டும்.

எல்லாருக்கும் மேலாக அண்ணிக்குச் சொல்ல வேண்டும். என் கணவர் மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருப்பார். முப்பதாம் நாள் படையலுக்கும் வரவில்லை. மறுநாள் அண்ணியே எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைப் புடவையைப் பார்த்ததும் இவர் எழுந்து வெளியே போகப் பார்த்தார். அண்ணி வாசலை மறித்து நின்றார்.

"ஒக்காருங்க தம்பி. ஒங்களத் திட்ட வரல. அவரு கடைசியாச் செஞ்ச வேலை நீங்கதான். நீங்க இப்புடிக் கெடந்தா நான் எதைப் பாத்து ஆறுறது?"

தட்டில் சோறு போட்டு, அவரே பிசைந்து, தையல் போட்ட கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தார். இவர் குனிந்தபடியே அழுதுகொண்டு ஒரு வாய் எடுத்தார். தட்டு காலியாகும்வரை அண்ணி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.