பதினொரு தோமஸ்மார்

ஒரு புத்தகத்தின் பெயர்ப் பட்டியல் முழுவதையும் பிழையாக அடுக்கிவிட்டு, வேலையையும் தக்கவைத்துக்கொண்ட அச்செழுத்து அடிக்கும் ரைப்செற்றர் ரொறன்ரோவில் நான் ஒருவன்தான் இருப்பேன். இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவைக்கலாம்.

1. சப்பாத்துப் பெட்டி

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் சபா அண்ணையின் அச்சகத்தில் இருந்தேன். கலியாணக் கார்ட், செத்தவீட்டு அந்தியேட்டிக் கார்ட், சாப்பாட்டுக் கடை மெனு, இவைதான் எங்கள் இலக்கியம். ஒரு பனிக்காலத்தில் பாதர் டெவ்லின் வந்தார். அயர்லாந்துக்காரர், எழுபத்தைந்து வயதுக்கு மேல். இரண்டாம் உலகப்போரில் வட ஆபிரிக்காவில் படையோடு திரிந்த பாதிரியார். பிறகு சரித்திரம் எழுதியவர். பிரிட்டிஷ் படையில் சேர்ந்து அங்கே இறந்த தன் நாட்டுக்காரரைப் பற்றி எழுதிய புத்தகத்தை அச்சடிக்கக் கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கார்ட்கள், கார்ட்டுக்கு ஒரு சிப்பாய்.

"ஆமிக்காரரைப் பற்றின புத்தகமோ அண்ணை?" என்று கேட்டேன். நான் ஊரில் ஆமிக்குப் பயந்து ஓடி வந்தவன். எனக்கு மனமே இல்லை.

"உவங்கள் செத்து அம்பது வருசம். உன்னை ஒண்டும் செய்யமாட்டாங்கள். இருந்து அடி," என்றார் சபா அண்ணை.

புரூஃப் பார்க்க வந்த நாட்களில் பாதர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒரு கூடாரத்தில் அவர் கையைப் பிடித்தபடி ஒரு சிப்பாய் இறந்திருக்கிறான். சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசும்போது பெயர் கேட்டாராம். "தோமஸ்" என்றான். குடும்பப் பெயரைக் கேட்குமுன் நினைவு தப்பிவிட்டது. "மணி அடிக்கிறதா, மணி அடிக்கிறதா" என்றே கேட்டுக்கொண்டிருந்தானாம். அவன் தாய்க்கு எழுதுவதாக வாக்குக் கொடுத்தார். மறுநாள் படை பின்வாங்கியதில் இறந்தவர்களின் பதிவுப் புத்தகம் தொலைந்தது.

"எந்தத் தாய்க்கு எழுதுவது?" என்றார். அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. கார்ட்களில் பாதியை வேறு ஆட்கள்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

2. மிஸ்டர் கந்தசாமி

என் பெயர் தவராசா. கந்தசாமி என் அப்பா. ஊரில் 'கந்தசாமி தவராசா' என்று எழுதுவோம். முன்னால் தகப்பன், பின்னால் ஆள். கனடாவில் பாங்கிலும் டொக்டரிடமும் நான் மிஸ்டர் கந்தசாமி. காலமாகிவிட்ட அப்பாவை இங்கே தினமும் யாராவது கூப்பிட்டார்கள். அவருக்காக நான் எழுந்து போனேன்.

பாதரின் கார்ட்களில் 'பர்ன், தோமஸ்' என்று குடும்பப் பெயர் முன்னால் இருந்தது. வெளியே பனி கொட்டியபடி இருந்தது. ஹீற்றர் சூட்டில் பகல் முழுவதும் பெயர்கள் கண்ணுக்குள் மிதந்தன. அவர்கள் ஆமிக்காரர் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. முன்னால் தகப்பன், பின்னால் ஆள் என்று விரல்கள் தம் பாட்டில் போயின. ஆளை ஆளின் பெயரில்தானே தேடுவார்கள்? அப்படியே அடுக்கி முடித்தேன்.

3. புரூஃப்

சபா அண்ணை தாளைப் புரட்டினார்.

"டேய், மைக்கல் எல்லாம் ஒரு இடத்தில, பற்றிக் எல்லாம் ஒரு இடத்தில. இதென்ன பள்ளிக்கூடத்தில பேர் கூப்பிடுற இடாப்போ? பாதருக்கு நீயே சொல்லு. வேலை போனா என்னைக் கேக்காதை."

அன்று பிற்பகல் பாதர் வந்ததும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"அப்படியென்றால், தோமஸ்மார் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறார்களா?"

"ஓம் பாதர், பதினொரு பேர்."

"வாசி."

பெயர், படை இலக்கம், ஊர், வீடு என்று வாசித்தேன். அவர் கண்களை மூடியிருந்தார். ஏழாவது தோமஸுக்கு வீடு என்ற இடத்தில் 'ஆற்றங்கரை, ஓடக்காரன் வீடு' என்று இருந்தது. பாதர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்கள் நாட்டில் ஓடத்துறையில் ஒரு மணி தொங்கும். அக்கரையில் ஆள் வந்தால் அடிப்பார்கள், ஓடம் போகும்," என்றார். "அன்று கூடாரத்தில் அவன் தன் வீட்டு மணியைத்தான் கேட்டிருக்கிறான்."

அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஒரு ஆமிக்காரனுக்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பட்டியலைக் குடும்பப் பெயர்ப்படி திருத்த மூன்று நாள் ஆயிற்று. சபா அண்ணை உறுமினாரே தவிர, என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. புத்தகத்தில் அந்த ஒரு தோமஸுக்கு மட்டும் பாதர் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார்: 'இவன் தனியாக இறக்கவில்லை.' அந்தத் தாய் அதை வாசிக்க உயிரோடு இருந்திருக்கமாட்டாள். அது அவருக்கும் தெரியும்.

பெயரை அடிக்குமுன் ஆளைக் கேளுங்கள், பிள்ளைகளே. நான் கற்றது அவ்வளவுதான். அதுவும் பாதரிடம்தான் கற்றேன். அந்தப் பனிக்காலம் முழுவதும் என்னை மிஸ்டர் கந்தசாமி என்று கூப்பிட்டவர், அந்தத் தோமஸைக் கண்டுபிடித்த அன்று தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"உன்னை உன் அம்மா எப்படிக் கூப்பிடுவார்?" என்று கேட்டார்.

"தவம்," என்றேன்.