கடிதத்தின் கடைசி வரி

எங்கள் புகார்ப் பிரிவில் அவருக்குக் கமா மேடம் என்று பெயர். ஒரு கமா விட்டுப்போனாலும் கடிதத்தைக் கையெழுத்துக்கு அனுப்பமாட்டார். இருபத்தாறு வருடமாக நாளுக்கு நாற்பது கடிதம். எல்லாவற்றின் அடியிலும் ஒரே வரி: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.' அது கம்ப்யூட்டரில் முன்பே அடித்துவைத்தது. அவர் கண் அந்தப் பக்கம் போவதேயில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அர்த்தம் கேட்டேன்.

"உங்க பதிலுக்கு ஆவலா காத்திருக்கேன்னு அர்த்தம்."

"நாம காத்திருக்கோமா மேடம்?"

"நமக்கு வேற வேலையில்ல? லெட்டர் முடிஞ்சுதுன்னு மரியாதையா சொல்றது, அவ்வளவுதான். பதில் வந்தா நமக்குத்தானே தலைவலி."

அவருக்கு ஓர் அக்கா. அவரும் வேறோர் ஆபீசில் டைப்பிஸ்ட். அம்மா இறந்த அன்று, "நீ ஒழுங்கா பாத்திருந்தா பிழைச்சிருப்பாங்க" என்று இவர் நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டார். பதினோரு வருடமாக அக்கா போனை எடுப்பதில்லை. தினமும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும், "எங்க அக்கா இருக்காளே..." என்று ஆரம்பிப்பார். முடிக்கமாட்டார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலே வந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் எழுதறீங்க. அவங்களுக்கு ஒரு லெட்டர் போட்டா என்ன?" என்றேன்.

அன்று மதியமே ஓர் ஆபீஸ் கடிதத்தைத் திறந்து, நடுப்பகுதியை அழித்துவிட்டு, தமிழில் இரண்டு பக்கம் அடித்தார். தப்பெல்லாம் என்மேல்தான், உன்னைப் பார்க்கவேண்டும் என்று. தபாலில் போட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடியில் அந்த ஆபீஸ் வரி அழிக்கப்படாமல் இருந்தது.

"போச்சுடி. இந்த வரியோட லட்சணம் அவளுக்குத் தெரியாதா? ஒப்புக்கு எழுதியிருக்கான்னு கிழிச்சுப் போட்டுருவா."

மூன்று வாரம், தபால் கட்டு வந்ததும் முதலில் எழுந்து ஓடியவர் அவர்தான். வெறுங்கையோடு திரும்பும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு ஒரு கவர் வந்தது. உள்ளே அவருடைய கடிதத்தின் இரண்டாம் பக்கம். கடைசி வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு அக்கா எழுதியிருந்தார்:

'முப்பது வருஷமா இந்த வரியை யார் யாருக்கோ அடிச்சேன். எனக்குன்னு யாரும் எழுதினதில்ல. ஞாயிற்றுக்கிழமை வா.'

அன்று புதன்கிழமைதான். மேடம் லீவு லெட்டரை என் மேஜையில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அதில் ஒரு கமாகூட இல்லை.